தேய்ந்த தாடை

இந்த நாற்காலி சற்று ஆடுகிறது. குறையாகச் சொல்லவில்லை; தேய்ந்த காலின் அடியில் அட்டைத் துண்டொன்றை மடித்து வைத்தால் இன்னும் ஓராண்டு உழைக்கும். லாரிப் பணிமனையை மேற்பார்வை செய்கிறவன் கண்ணில் இவையெல்லாம் தாமாகவே படும்.

என் தங்கை கணவரின் வழக்கை மறுபடியும் திறந்திருக்கிறீர்கள். நல்லது, இன்ஸ்பெக்டர். கேட்பதற்கு ஒழுங்காகவே பதில் சொல்கிறேன்.

ட்ரெய்லரின் அடியில் தடித்த முளை ஒன்று உண்டு. முன்னால் இழுக்கும் லாரியின் பூட்டுத் தாடை அதைக் கவ்விக்கொள்ள வேண்டும். ஒரு லாரியில் அந்தத் தாடை தேய்ந்துவிட்டது. புதியது கேட்டால், தேயும்வரை என்ன செய்துகொண்டிருந்தாய் என்று முதலாளி கேட்பார். ஆகவே இடைவெளியில் ஒரு தகட்டைச் செருகினேன். மற்ற ஓட்டுநர்கள் அந்த லாரியைத் தொட மறுத்தார்கள். அயலாரை வற்புறுத்துவது என் இயல்பன்று, எங்களிடமே ஓட்டுநராக இருந்த மாப்பிள்ளைக்குக் கொடுத்தேன்.

ட்ரெய்லரின் பிரேக்கைப் பிடித்துவைத்து, முறைப்படி லாரியை மெல்ல முன்னுக்கு இழுத்துப் பார்த்தார்.

"புடிக்குது மச்சான். ஆனா உள்ள ஏதோ கடகடங்குது."

"நிறுத்தி வச்ச வண்டிதான் சத்தம் போடாது மாப்பிள்ளை. வீட்டுல என் தங்கச்சி போடுற சத்தத்தையே தாங்குறீங்க, இதத் தாங்க மாட்டீங்களா?"

சிரித்தார். "நீங்க சொன்னாச் சரி."

மேம்பாலத்து வளைவில் ட்ரெய்லர் கழன்று, பக்கத்தில் வந்த சிறிய காரின்மேல் சாய்ந்தது. உள்ளே ஒரு தாயும் மகளும் இருந்தார்கள்; பிழைக்கவில்லை. அவர்களைப் பற்றி வேறொன்றும் எனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை உங்களை அழைப்பதற்கு முன் என்னைத்தான் அழைத்தார். உறவென்றால் அதுதான். நான் போனபோது வெறுங்கையால் காரின் கதவைப் பிய்த்துக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. தாடை தேய்ந்திருந்தால் பொறுப்பு பணிமனையுடையது. பூட்டாமல் புறப்பட்டிருந்தால் ஓட்டுநருடையது. சட்டம் அவ்வளவு தெளிவாக இருக்கும்போது நாம் குழப்பக் கூடாது. லாரியின் அடியில் கைவிட்டுத் தகட்டை உருவினேன். பூட்டுக் கைப்பிடியைத் திறந்த நிலைக்கு இழுத்துவைத்தேன். உங்கள் ஆட்கள் கைப்பிடியைப் பார்த்தார்கள். தாடையைத் தொட்டுப் பார்க்கவில்லை. அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

தீர்ப்பன்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, வீட்டுக் கதவையே மூணு தடவ இழுத்துப் பாத்துட்டுப் படுக்குற மனுசன். பூட்டாம எடுத்திருப்பாரா?"

"கொஞ்சம் அசந்திருப்பாரும்மா."

"நீ பாத்தியா?"

அழுகிறவளிடம் வாதம் செய்வது பண்பன்று. தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். வெளியார் வீட்டு விளக்கு அணையாமல், விஷயம் குடும்பத்துக்குள்ளேயே முடிந்ததில் எனக்கு நிம்மதி.

அந்தத் தாடை கிடைத்தால் அவரை வெளியே கொண்டுவந்துவிடலாம் என்கிறீர்கள். லாரி பணிமனைக்குத் திரும்பியதும் புதியதைப் பொருத்தினேன். விபத்துக்குப் பிறகு முதலாளி எதையும் மறுக்கவில்லை. பழையதை உருக்கியிருப்பேன் என்று நினைத்தீர்கள் போலும். சாட்சியத்தை அழிப்பது குற்றம். அதை நான் செய்யமாட்டேன். வேறொரு லாரியில் மாட்டியிருக்கிறேன். இரும்புச் சுருள் ஏற்றிக்கொண்டு இன்று காலைதான் மலைப்பாதைக்குப் போயிருக்கிறது.

உட்காருங்கள். திரும்பி வந்ததும் கழற்றித் தருகிறேன்.