ஒரு வரிதான் மாத்துனாரு

அக்கா, உன் தம்பி குட்டிதான் பேசுறேன். வயசு இருபத்தாறாச்சு, இன்னும் குட்டிதான். ரூம்ல, காயாத சட்டைங்களுக்கு நடுவுல உக்காந்திருக்கேன். துணி பிழிஞ்ச கை ஈரமா இருக்கு, அதான் நான் பேசப் பேச போன் எழுதிக்குது. ஒண்ணும் பதறாத. நல்லா சாப்பிடுறேன்.

அத்தானுக்கு வேலை ஏன் போச்சுன்னு கேட்டியே, அதைச் சொல்லத்தான்.

எங்க ஆபீஸ்ல எல்லாரும் ஒரே எடிட்டர்தான் வெச்சுக்கணும்னு டீம் லீட் சொல்லிட்டாங்க, எதுன்னு மட்டும் அப்போ முடிவாகல. எடிட்டர்னா புரோகிராம் எழுதுற சாஃப்ட்வேர். உனக்குத் தையல் மெஷின் மாதிரின்னு வெச்சுக்கோ, அடுத்தவங்க மெஷின்ல உக்காந்தா கை ஓடாது. என்னோடது கறுப்புத் திரை, மவுஸே வேணாம், எல்லாம் விரல்லதான். பழகவே ஒரு வருஷம் ஆச்சு. அத்தான் புதுசா வேலைக்குச் சேர்ந்த கையோட என் தோள் வழியா எட்டிப் பார்த்தாரு.

"என்ன மச்சான், கரன்ட் போன மாதிரி இருக்கு? மெழுகுவத்தி கொண்டாரவா?"

டீமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அவரோடது கலர் கலரா, பொத்தான் பொத்தானா இருக்கும். அன்னையிலிருந்து எல்லாரும் அவர் மேசையைச் சுத்தித்தான் நின்னாங்க. அவரை வேலைக்குச் சொல்லிவிட்டதே நான்தான், அதையும் நீ யோசிக்கணும்.

அவர் காபி எடுக்கப் போனப்போ, அவர் எடிட்டர்ல ஒரே ஒரு செட்டிங்கை ஆன் பண்ணேன். கெட்ட செட்டிங் இல்லக்கா. சேவ் பண்ணா ஃபைல் முழுக்க இடைவெளியை ஒழுங்குபடுத்தும், அவ்வளவுதான். என்ன, அவர் ஒரு வரி மாத்துனா, ஃபைலையே மாத்துனதா அவர் பேர்ல காட்டும். ரெண்டு பேச்சு வாங்குனா அந்த எடிட்டரை விட்டுடுவாருன்னு நெனச்சேன்.

அவரு விடல. அதே ஃபைல்ல மத்தவங்க எழுதுனதோடெல்லாம் அவரோடது மோதி, வேலையே நின்னுடுச்சு. லீட் கூப்பிட்டுக் கேட்டாங்க, "ஒரு வரியைத் திருத்தச் சொன்னா ஏன் எல்லாத்தையும் கலைக்கிறீங்க?"

"ஒரு வரிதாங்க மாத்துனேன்"னாரு. என் பக்கம் திரும்பி, "மச்சான், நீ பக்கத்துலதானே இருந்த? சொல்லேன்."

"நான் சரியா கவனிக்கல அத்தான்"னேன். பொய் சொல்றது எனக்குப் பிடிக்காதுன்னு உனக்கே தெரியும்.

சாயங்காலம் எங்கிட்டயே லேப்டாப்பைக் குடுத்து, "செட்டிங் ஏதாவது தப்பா இருக்கா பாருடா, உனக்குத்தான் தெரியும்"னாரு. பொறுமையா பார்த்தேன். எல்லாம் சரியா இருக்குன்னு திருப்பிக் குடுத்தேன்.

சோதனைக் காலம் முடியறதுக்குள்ள அவரை அனுப்பிட்டாங்க. நீயும் பாப்பாவும் வர்றதுக்குப் பார்த்த வீட்டையும் விட்டாச்சு. அந்த வீட்டுல ஈரம் ஜாஸ்திக்கா, பாப்பாவுக்கு ஒத்துக்காது.

ஆமா, நான்தான் பண்ணேன். தெரிஞ்சேதான் பண்ணேன். அத்தான் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல.

கடைசியில லீட் எல்லாருக்கும் அத்தானோட எடிட்டரையே வெச்சுட்டாங்க. நானும் இப்போ அதுலதான் எழுதுறேன். நல்லாத்தான் இருக்கு. எழுத்து மட்டும் ரொம்பப் பொடிசா தெரியுது. அத்தான் வீடு வந்து சேர்ந்ததும், அதை எப்படிப் பெருசாக்குறதுன்னு கேட்டுச் சொல்லுக்கா. நான் கேட்டா தப்பா எடுத்துப்பாரு.