தொட்டியில் ஒரு காவல் மீன்

— பெட்டியைத் தொறக்காதீங்க மாமி. அதுல நீங்க நெனைக்கிற மாதிரி மீன் இல்ல.

— ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கிட்டு இந்த வெயில்ல படகேறி அக்கரையிலேருந்து வந்திருக்கே, மீன் இல்லேன்னா என்ன, மாம்பழமா? உக்காரு முதல்ல, கோணமூஞ்சி. குரல் ஏன் ஒடஞ்ச பானை கணக்கா இருக்கு?

— உள்ள மிஷ்மிஷ் இருக்கு. செத்துக் கிடக்கு.

— யா அல்லா! எம் மவன் கெய்ரோவுலேருந்து ரயில்ல மடியில வச்சுக் கொண்டாந்தானே, அந்த நடக்குற மீனா?

— அது மீனே இல்ல, நாலு காலும் வாலும் உள்ள தவளைச் சாதின்னு எத்தனை தடவை சொல்றது? உங்க மவன் வஹீத் நிச்சயத்துக்கு எனக்குக் குடுத்தது. இப்பச் சொல்லுங்க. செவ்வாக்கிழமை நான் பாடம் நடத்தப் போயிருந்தப்ப எங்க வீட்டுக்கு எதுக்கு வந்தீங்க?

— பேரீச்சம்பழம் குடுக்க வந்தேன். உங்கம்மாவைக் கேளு, ஷாஹிந்தா.

— கேட்டேன். குடிக்கத் தண்ணி வேணும்னு அம்மாவை அடுப்படிக்கு அனுப்பிட்டு என் ரூமுக்குள்ள போனீங்களாம். துப்பட்டிக்குள்ள எதையோ மறைச்சு வச்சுக்கிட்டு.

— போனேன். அதுக்கு? குளிர்நாட்டு ஜீவனை அஸ்வான்ல கொண்டாந்து வளத்தா சூட்டுல சாகாம என்ன செய்யும்?

— வேளை தவறாம ஐஸ் பாட்டில் மாத்தி மாத்திப் போட்டு வளத்தேன். சூட்டுல சாகல. கழுத்தோரம் பூ மாதிரி செவுளு விரிஞ்சிருக்குமே, அதுல ஒரு பக்கம் குதறிக் கிடந்துச்சு. முதல்ல கத்திரிக்கோல்னு நெனச்சேன்.

— என் கையில கத்திரிக்கோலா? நாக்கு அழுகிடும்டி.

— மாட்டு டாக்டர் வயித்தைக் கிழிச்சுப் பார்த்தாரு. உள்ள என்ன இருந்துச்சுன்னு நான் சொல்லட்டுமா, நீங்களே சொல்றீங்களா?

— புழு கிழு இருந்திருக்கும்.

— உப்பிப் போன மீனு. கட்டைவிரல் பருமன்தான். வயித்துல முள்ளு, முதுகுல கோடு கோடா. அதே மீனு பெருசா, காஞ்சுபோயி, இதோ உங்க வாசல் நிலையில தொங்குதே.

— அது ஃபஹாக்கா. எல்லார் வாசல்லயும்தான் தொங்குது. கண்ணு படாம இருக்கக் கட்டுறது.

— அது என் தொட்டிக்குள்ள எப்படி வந்துச்சு? நைல்லேருந்து மாடிப்படி ஏறி வந்துச்சா?

— இந்தா, முதல்ல இந்தப் பேரீச்சம்பழத்தைத் தின்னு.

— மாமி.

— நான்தான் விட்டேன்.

— அல்ஹம்துலில்லா. இந்த ஒரு வார்த்தையை வாங்குறதுக்குள்ள எனக்கு உசுரே போயிடுச்சு.

— முழுசாக் கேளுடி. வாசலுக்குச் செத்தது போதும். உசுரு இருக்குற எடத்துக்கு உசுரோடதான் காவல் வேணும். கெட்ட கண்ணு விழுந்தா அந்த மீனு வாங்கிக்கிட்டுச் சாகும், மத்தது பொழைக்கும். அதுக்குத்தான் குட்டியாப் பார்த்துப் புடிச்சேன். இந்த முட்டிவலியோட இடுப்பளவு தண்ணியில நின்னு புடிச்சேன்.

— அது வெஷ மீனு!

— எனக்குத் தெரியாதா? தின்னாத்தானே வெஷம். சின்னதுல நாங்க வயித்தைத் தடவி உப்ப வச்சு, அதைத்தான் பந்து மாதிரி தட்டி விளையாடுவோம். இந்தக் கரையில பூனை கூட அதை மோந்து பாக்காது.

— ஆக, வெஷம்னு நல்லாத் தெரியும்.

— ஏய், பேச்சைத் திருப்பாதே. உன் ஜீவன் சிரிச்ச வாயோட தரையில சோம்பேறியாக் கிடந்துச்சு. அது எழுந்துபோயி ஒரு முள்ளுப் பந்தை முழுங்கும்னு நான் கனவா கண்டேன்?

— வாய்க்குள்ள நுழையுற எதையும் முழுங்கும். கூழாங்கல்லைக் கூட. உங்க மீனு செவுளைக் கடிச்சிருக்கு, இது அதை அப்படியே முழுங்கியிருக்கு. வெஷம் பாதி, முள்ளு பாதி. ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேனே! ஏன் திருட்டுத்தனமா விட்டீங்க?

— சொல்லிட்டு வச்ச காவல் பலிக்காது.

— இல்ல. காரணத்தை நான் சொல்றேன். வியாழக்கிழமை மருதாணி. அதுக்குள்ள அபசகுனமா ஒண்ணு நடக்கணும். நிச்சயத்துக்குக் குடுத்த ஜீவனே செத்துப்போச்சு, இவ நம்ம குடும்பத்துக்கு ஆகமாட்டான்னு ஊரு பேசணும்.

— அடிப்பாவி!

— நான் ஒண்ணும் குருடி இல்ல. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு என் மூஞ்சியைப் பார்த்ததும் உதட்டைக் கடிச்சுக்கிட்டு எந்திரிச்சு வெளிய போனீங்க. அதுக்கப்புறம் ஒரு தடவையாவது என்னை நிமிந்து பார்த்திருக்கீங்களா? கூப்பிட்டா கோணமூஞ்சி. நடந்தா ஒட்டகம். சிரிச்சா கழுதை. இப்பக் கூடத் தரையோடதான் பேசிக்கிட்டு இருக்கீங்க. இந்தாங்க, நீங்க நிச்சயத்துக்குப் போட்ட நகை. வஹீத்துக்கு நானே போன்ல சொல்லிக்கிறேன்.

— அதை எடுத்து உள்ள வை. வைங்கறேன்ல!

— அப்ப ஒண்ணு சொல்லுங்க. யாரு கண்ணுக்குப் பயந்து காவல் வச்சீங்க? என் ரூமுக்குள்ள வர்றது நானும் எங்கம்மாவும்தான். எங்கம்மாவையா சொல்றீங்க?

— சீச்சீ. அவ மனசு பாலு.

— பின்ன யாரு கண்ணு?

— என் கண்ணு.

— என்னது?

— நிச்சயத்தன்னிக்கு அந்த ஜீவனைக் காட்டினியே. என்ன அழகாச் சிரிக்குதுன்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். கண்ணு படாம இருக்க மாஷா அல்லா சொல்லணும், மறந்துட்டேன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. என்னோடது கொள்ளிக்கண்ணுடி. பக்கத்து வீட்டு ஆட்டுக்கு மடி நல்லாருக்குன்னேன், மறுநாளே வயிறு ஊதிச் செத்துச்சு. அதோட விட்டுச்சா? வஹீத்துக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா.

— அவரு சொன்னதே இல்லியே.

— அவனுக்கு நெனவு இருக்காது, கைக்குழந்தை. அவளுக்குத் தலை சீவிவிட்டுட்டு, எம் பொண்ணு மாதிரி இந்தக் கரையில எவ இருக்கான்னு சொன்னேன். அந்த வாரமே காய்ச்சல் வந்து போயிட்டா.

— மாமி, காய்ச்சல் கண்ணால வர்றதில்ல.

— நீ படிச்சவ, சொல்லுவே. நான் பெத்தவ.

— அப்ப... என்னைப் பாக்க வந்த அன்னிக்கு?

— என்ன அழகுங்கற வார்த்தை வாய் வரைக்கும் வந்துருச்சு. உதட்டைக் கடிச்சு முழுங்கிக்கிட்டு வெளிய ஓடினேன்.

— நகையைப் பையில வச்சுட்டேன். இப்ப நிமிந்து என்னைப் பாருங்க மாமி. ஒரே ஒரு தடவை.

— மாட்டேன். நீ நூறு வருஷம் இருக்கணும், கோணமூஞ்சி.