துரு சுரண்டுகிறவரின் மகன்

செவிலிமேட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னார்:

"எங்கப்பாவைக் கப்பல் ஆபீசர் ஆக்கிட்டேன்பா."

"யாருகிட்ட?"

"பொண்ணு வீட்லதான். பெருமைக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு நிச்சயத்துக்கு அவரு மெட்ராஸ்லேர்ந்து வராரு."

"நெசத்துல இன்னா வேலை?"

"ஹார்பர்ல கப்பலுக்குத் துரு சுரண்டுறாரு. ராயபுரத்துல எங்க தெருவுக்கே அதான் பொழப்பு. சாயங்காலம் சங்கு ஊதுனா பசங்க எல்லாம் ஹார்பர் கேட்டுக்கு ஓடுவோம். வர்றவங்க அத்தினி பேரும் துருத்தூளு படிஞ்சு ஒரே செவப்பா இருப்பாங்க. ஒருநாள் வேற எவரு கையையோ புடிச்சுக்கினு பாதி தூரம் வந்துட்டேன். பின்னாடி எங்கப்பா சிரிச்சுக்கினே வராரு."

நண்பர் சிரித்தார். ஜன்னலோரம் இருந்தவர் சிரிக்கவில்லை.

"இப்பப் போயி பொண்ணு வீட்ல உண்மையைச் சொல்லிடப் போறேன்."

"பொண்ணு தரமாட்டேன்னுடுவாங்கபா. ஆபீசரா நடிக்க உங்கப்பா இன்னா சொன்னாரு?"

"சரின்னாரு. கோச்சுக்கவே இல்ல. ஆபீசருங்க எப்படிடா உக்காருவாங்க, உக்காந்து காட்டுன்னாரு."

"காட்டுனியா?"

"காட்டுனேன். அதே மாதிரி உக்காந்து பார்த்தாரு. வருசக்கணக்கா குனிஞ்ச முதுகு, நிமிரல. 'நிச்சயத்துக்குள்ள பழகிக்கிறேன்டா'ன்னாரு."

செவிலிமேட்டில் பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னலோரம் இருந்தவர் எழுந்து படிக்கட்டுக்குப் போய்விட்டார்.