நாற்பது தொட்டிக் காகிதப்பூ

காகிதப்பூச் செடிக்குத் தண்ணீர் அதிகம் ஊற்றக் கூடாது. வாங்கிப் போகிற பலருக்கு இது தெரியாது. தினமும் இரண்டு வேளை ஊற்றிவிட்டு, இலைதான் வருகிறது, பூவைக் காணோம் என்று என்னிடமே வந்து குறை சொல்வார்கள். பூ வேண்டுமென்றால் வாட விட வேண்டும். சீனப் பெருநாளுக்கு ஆறு வாரம் இருக்கும்போது தண்ணீரை நிறுத்திவிடுவோம். மத்தியானத்தில் இலை தொங்கும். அப்போது தேங்காய்ச் சிரட்டையால் அரைச் சிரட்டைத் தண்ணீர், அதற்கு மேல் கிடையாது. மறுபடி தொங்கும் வரை காத்திருக்க வேண்டும். பிழைப்போமா என்று செடிக்குச் சந்தேகம் வருகிற நேரத்தில்தான் பூ வரும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்று இன்ஸ்பெக்டர் ஐயாவுக்குத் தோன்றலாம். ரசாக்கின் காரியத்தைப் புரிந்துகொள்ள இது வேண்டியிருக்கும். எழுதுகிறவர் நிதானமாகவே எழுதட்டும், எனக்கு அவசரமில்லை.

என் பெயர் பால்ராஜ். தண்ணிமலை ரோட்டில் செடித்தோட்டம் வைத்திருக்கிறேன். குரோட்டன்ஸ், அரளி, காகிதப்பூ, எல்லாம் தொட்டிச் செடிகள். நிலத்தின் குத்தகை என் பெயரில். அப்துல் ரசாக் என்னோடு பதினோரு வருஷம் இருந்தான். நாகூர்க்காரன், எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் நட்ட பத்துக் குச்சியில் ஆறு வேர் பிடித்தால், அவன் நட்டது பத்தும் பிடிக்கும். நார்த்தம் ரோட்டு பங்களாக்களிலிருந்து கார் வந்து நிற்கும். தவ்க்கே வீட்டம்மா, சீன முதலாளியின் மனைவி, இறங்கும்போதே “ரசாக் மானா?” என்று அவனைத்தான் தேடுவாள். நான் பக்கத்திலேயே நிற்பேன். எனக்குப் பொறாமை இருந்தது. அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷக் கடைசியில் ஒரு நாள் அவன் ஒரு கொத்துப் பூவைக் கொண்டுவந்து காட்டினான். பழுத்த பாக்கின் நிறம். இந்தத் தீவில் அந்த நிறத்துக் காகிதப்பூவை நான் பார்த்ததில்லை. விதை போட்டு முளைக்கவைத்து, கழித்துக் கழித்து மூன்று வருஷத்தில் எடுத்தது என்றான். தவ்க்கே வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டு, வருகிற பெருநாள் போக அதற்கடுத்த பெருநாளுக்கு நாற்பது தொட்டி வேண்டும் என்று சொல்லிவிட்டாள். நாற்பது தொட்டிக்குக் குச்சி வெட்டத் தாய்ச்செடி வேண்டும். அவன் கொண்டுவந்ததோ வெறும் இளங்கொழுந்து, நட்டால் வராது. செடி எங்கே என்று கேட்டேன். நேரம் வரும்போது சொல்கிறேன் அண்ணே என்று சிரித்தான்.

அந்த வாரமே ஹனீபா கடையில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. ரசாக் தனியாகத் தோட்டம் போட புக்கிட் மெர்தாஜாமில் நிலம் பார்க்கிறானாம். செடியோடு அவன் போய்விட்டால் என் தோட்டத்தில் குத்தகைப் பத்திரம்தான் மிஞ்சும்.

தைப்பூசத்துக்கு வேலையாட்கள் எல்லாரும் லீவில் போனார்கள். ரசாக்குக்கு அப்போது கடுமையான காய்ச்சல். தோட்டத்தின் கடைசியில் அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் படுத்திருந்தான். எழுந்து நடக்க முடியவில்லை. பார்த்துக்கொள்ள என்னைத் தவிர யாருமில்லை. கஞ்சி கொண்டுபோனேன், போர்வை கொண்டுபோனேன். அவன் தண்ணீர் கேட்டான். கூஜாவை நிரப்பிக் கதவோரம் வைத்துவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தாய்ச்செடி எங்கே என்று கேட்டேன்.

“உங்க வீட்டு வாசல்லதான் நிக்குது அண்ணே. தண்ணி குடுங்க.”

இந்த நிலைமையிலும் கிண்டலா என்று எனக்குக் கோபம் வந்தது. என் வாசலில் நிற்கிற செடி எனக்குத் தெரியாதா? அரைச் சிரட்டை கொடுத்தேன். நாளைக்குச் சரியாகச் சொல், நிறையத் தருகிறேன் என்றேன்.

மறுநாள் பூசம். ரோட்டில் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. தோட்டத்து வாசலுக்கு எதிரிலேயே தண்ணீர்ப் பந்தல் போட்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் மோரும் தண்ணீரும் கொடுத்தார்கள். மேளச் சத்தத்தில் அவன் கூப்பிடுவது வெளியே கேட்காது. குரலும் போய்விட்டது. சிரட்டையைப் பலகையில் தட்டித் தட்டித்தான் கேட்டான். செடி பத்துகாவான் என்கிற ஊரில் ஒரு கூட்டாளி வீட்டில் இருக்கிறது என்றான். மூன்றாம் நாள், அதுவும் இல்லை, கெலுகோரில் என்றான். தாகத்தில் இருப்பவன் எதிரில் இருப்பவனுக்குப் பிடித்ததைச் சொல்வான். நான் அவனை அடிக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. உதடு வெளுத்து வெடிக்கிற நேரம் பார்த்து அரைச் சிரட்டை கொடுத்தேன். கணக்குத் தப்பவே இல்லை.

நான்காம் நாள் காலையில் தட்டுகிற சத்தம் இல்லை. கதவுப் பக்கம் கையை நீட்டியபடி கிடந்தான். கூஜா நிரம்பியே இருந்தது. டாக்டர் வந்து காய்ச்சல் என்று எழுதிக்கொடுத்தார். பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவனைக் குளிப்பாட்டக் கிணற்றிலிருந்து நான்தான் தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். எட்டுக் குடம்.

பிறகு தாய்ச்செடி கிடைத்தது. நாற்பது தொட்டியும் வைத்தேன். நாற்பதும் வேர் பிடித்தன. ஆறு வாரம் இருக்கும்போது தண்ணீரை நிறுத்தினேன். மூன்றாம் நாள் மத்தியானம், இலை தொங்க ஆரம்பித்ததும், கொட்டகைப் பக்கமிருந்து சிரட்டை தட்டுகிற சத்தம் கேட்டது. கொட்டகையை நான் எப்போதோ பிரித்துப் போட்டுவிட்டேன். அங்கே வெறும் தரைதான். ஒரு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன், சத்தம் கொஞ்சம் குறைந்தது. எல்லாவற்றுக்கும் ஊற்றிய பிறகுதான் நின்றது. அன்றிலிருந்து எந்தத் தொட்டியையும் என்னால் காயவிட முடியவில்லை. பட்டப்பகலில், ஆட்கள் சுற்றி நிற்கும்போதே கேட்கும். வேலையாட்கள் என்னைத் தடுத்தார்கள். பூவாளியைப் பிடுங்கிக்கூட வைத்தார்கள். நான் கையால் அள்ளி ஊற்றினேன். நாற்பதும் வேரழுகிச் செத்தன. அரளியும் போனது, குரோட்டன்ஸும் போனது. தோட்டத்தில் இப்போது சேறுதான் இருக்கிறது. என்மேல் யாரும் சந்தேகப்படவில்லை, ஐயா. நானாகத்தான் வந்தேன்.

பிறகு கிடைத்தது என்றால் எப்போது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

அந்தச் செடி புலாவ் தீக்குஸில் என் வீட்டு வாசலில்தான் நின்றது. முந்தின வருஷம் ரசாக்கே கொண்டுவந்து நட்டானாம். “இது அண்ணனுக்குத்தான் அக்கா. பூத்து அவரே பாக்கட்டும், நீங்க வாயைத் திறக்காதீங்க” என்று என் மனைவி அமலம்மாளிடம் சொன்னானாம். நான் எப்போதும் பின்வாசல் வழியாக வந்துபோகிறவன், அதனால் கண்ணில் படவில்லை. ரசாக்கிடம் நான் கேட்ட அந்த முதல் நாள், அவன் சொன்னது என்னதான் என்று சாயங்காலமே முன்வாசலில் போய்ப் பார்த்தேன். மதிலுக்கு வெளியே சாய்ந்த கிளையில் மூன்று பூ, பழுத்த பாக்கின் நிறத்தில். அமலம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன், அப்போதுதான் எல்லாம் சொன்னாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். மறுநாள் காலையில் கொட்டகைக்குப் போய், கூஜாவைக் கதவோரம் வைத்துவிட்டு, செடி எங்கே என்று அவனிடம் மறுபடி கேட்டேன்.