கதிரைக்குக் கீழே இருந்த இரண்டு குழிகள்

நேசராஜா பியாட்றிஸ், வயது 68, ஓய்வுபெற்ற ஆசிரியை, தேவாலய ஒழுங்கை, சண்டிலிப்பாய் என்னும் விலாசத்தில் வசிப்பவராகிய நான், எவருடைய வற்புறுத்தலும் இன்றிக் கூறுவதாவது:

மேற்படி வீட்டில் நான் தனியாக வசித்து வருகிறேன். எனது கணவர், ஓய்வுபெற்ற தபாலதிபர் நேசராஜா, கடந்த தவக்காலத்தில் காலமானார். எங்கள் ஹோலில் மகள் அனுஜா லண்டனிலிருந்து அனுப்பிய தடித்த கம்பளம் ஒன்று விரிக்கப்பட்டுள்ளது. கணவர் ஒவ்வொரு மாலையும் அதில் ஒரே இடத்தில் முழங்காலிட்டு ஜெபிப்பார். எனக்கு முழங்கால் வருத்தம் உள்ளதால் நான் கதிரையில் இருந்தே ஜெபிப்பேன். அவரது ஜெபம் நீளமானது. சோறு ஆறுகிறது என்று நான் பலமுறை முணுமுணுத்ததுண்டு. நாளடைவில் அந்த இடத்தில் சிரட்டை வாயளவில் இரண்டு குழிகள் விழுந்தன. அவரை அடக்கம் செய்த பின்னர், யாரும் மிதித்துவிடாதபடி அவரது தேக்கங்கதிரையை அக்குழிகளின் மேல் வைத்தேன். அதன் பின்னர் ஜெப வேளைகளில் அதில் இருந்து, குனிந்து கையால் அவற்றைத் தடவிக்கொள்வேன். இதை நான் இதற்கு முன் எவருக்கும் சொன்னதில்லை. மகளுக்கும் சொன்னதில்லை.

மாரி மழையில் கம்பளம் பூஞ்சணம் பிடித்து மணத்தது. ஆண்டு நினைவு ஆராதனைக்கு ஆட்கள் வருவார்கள் என்பதால், நீராவியால் கம்பளம் சுத்தம் செய்யும் சுன்னாகத்து ஜெரிசன் என்பவரை மகள் போனில் ஒழுங்கு செய்தார். நேற்றுக் காலை அவர் இயந்திரத்துடன் வந்தார். நான் அவரிடம், "அந்தக் கதிரை பாரம் தம்பி, தூக்கினால் உமக்கு முதுகு, நாரி பிடிச்சுப்போடும். அதுக்குக் கீழை செய்ய வேண்டாம், அப்பிடியே விடும்" என்றேன். உண்மையான காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதன் பின்னர் அவருக்குத் தேநீர் போடக் குசினிக்குச் சென்றேன்.

தேநீருடன் திரும்பியபோது கதிரை சுவரோரம் நின்றது. ஜெரிசன் சிரித்தபடி, "எனக்காகப் பாக்காதேங்கோ ரீச்சர், நான் தூக்கிப்போட்டன். கீழை ரெண்டு பள்ளம் கிடந்தது. ஆவி பிடிச்சு பிரஷ் போட நூல் எல்லாம் நிமிந்திட்டுது" என்றார். நான் கோப்பையைத் தவறவிட்டேன். அடக்கத்தன்று வராத அழுகை அப்போது வந்தது. அதன் பின்னர் அவரது கையிலிருந்த நீராவிக் குழாயைப் பிடித்து இழுத்தேன். இனி நிறுத்தி என்ன பயன் என்று அவ்வேளை நான் யோசிக்கவில்லை. அவர் "விடுங்கோ ரீச்சர், சுடும்" என்றார். நான் விடவில்லை. நீராவி அவரது இடது முன்கையில் அடித்துத் தோல் வெந்தது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அற்புதராணி அவரை ஓட்டோவில் வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்.

தன் கை தவறியே சுட்டதாக ஜெரிசன் வைத்தியசாலையில் கூறியதாக அறிகிறேன். அது சரியல்ல. நான் விடாதபடியால்தான் சுட்டது. அவரில் ஒரு பிழையும் இல்லை. கிழவி தனக்காக இரக்கப்படுகிறாள் என்று நம்பி, நல்ல மனதோடு அந்தக் கதிரையைத் தூக்கினார்.

இன்று காலை பொலிஸ் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, சம்பவம் நடந்த இடத்தைக் காட்டும்படி கேட்டார். ஜெரிசன் நின்ற இடத்தையும் தேநீர் சிந்திய இடத்தையும் காட்டினேன். குழிகளைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். அதன் பின்னர் அவை இருந்த இடத்தைக் காட்டும்படி கேட்டார். நான் கம்பளத்தில் முழங்காலிட்டு, இரண்டு கைகளாலும் தடவித் தேடினேன். எல்லா இடமும் ஒரே மட்டமாக இருந்தது. என்னால் காட்ட முடியவில்லை. உத்தியோகத்தர் கை தந்து என்னை எழுப்பிவிட்டார்.

மேலே எழுதப்பட்டவை எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. யாவும் உண்மை. கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை எனக் கண்டு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) நே. பியாட்றிஸ்