பதினான்கு டிகிரியை மறைக்காத மருத்துவருக்கு

மருந்தை அளக்கும் முன் மனச்சாட்சியை அளந்த மாண்பே! செஃப்ரூ நகரின் மதில் வாசலில் முப்பத்தோராண்டு முகம் சுளியாது முதியோரையும் மழலையரையும் பேணிய டாக்டர் ஸோஹ்ரா மெஸ்தாரி அம்மையே! தாங்கள் ஓய்வு பெறும் இந்நாளில் ஊழியர் எங்கள் ஸலாம்.

இப்படித்தான் தொடங்க வேண்டுமாம், தொடங்கிவிட்டோம். இனி உள்ளதைச் சொல்கிறோம். இம்மடலைச் சொன்னவர் வாசல் காவலர் புஜ்மா. எழுதியவர் நர்ஸ் ஹ்னியா. புஜ்மா யாரையும் எளிதில் நம்பார். டாக்டர்களை அறவே நம்பார். அவரைத் தூக்கிவாரிப் போட்ட நாள் ஒன்று உண்டு. ஒன்பது ஆண்டாகியும் அந்த அதிர்ச்சி இறங்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. தடுப்பூசி ஃபிரிட்ஜைக் காலையும் மாலையும் பார்த்து, எத்தனை டிகிரி என்று தாளில் எழுதுவது புஜ்மாவின் பொறுப்பு. அவர் வீட்டு ஃபிரிட்ஜ் அன்று பார்த்துப் படுத்துவிட்டது. குர்பானிக் கடாவின் தொடைகளைக் கொண்டுவந்து மருந்துக்குப் பக்கத்தில் திணித்தார். கதவு சரியாக மூடவில்லை. மூன்றாம் நாள் விடியலில் கறியை எடுத்துத் துடைத்தும் விட்டார். அன்று கிளினிக் திறந்ததும் ஹ்னியா தாளைப் பார்த்தார், நான்கு என்றிருந்தது. ஏழு குழந்தைகளுக்கு ஊசி போட்டார்.

பிறகு தாங்கள் வந்தீர்கள். வெப்பமானியின் பொத்தானை அழுத்தி, விடுமுறையில் அது ஏறிய உச்சத்தைப் பார்த்தீர்கள். பதினான்கு. எட்டைத் தாண்டினாலே மருந்து கெட்டுவிடும். அதன் பின்பே தாளை எடுத்தீர்கள். அதில் மறுநாள் மாலைக்கும் நான்கு என்று எழுதியிருந்தது.

“நாளைக்குச் சாயங்காலம் எத்தனைன்னு இன்னிக்கே தெரிஞ்சுபோச்சா, பா புஜ்மா?”

அவர் கறியை ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார். “யாருக்குத் தெரியப்போவுது டாக்டர் லல்லா? மருந்து தண்ணியாட்டம் அப்படியேதான் இருக்கு. வாடைகூட இல்ல.”

“கறி கெட்டா மூக்கு சொல்லும். இது கெட்டா குழந்தைதான் சொல்லும்.”

அறத்தின் அரணே! அன்றே கிளினிக் கதவில் தங்கள் கையெழுத்தில் ஒரு தாள்: இங்கே மருந்து கெட்டது, ஏழு குழந்தைகளுக்கு மறுபடி போட வேண்டும், பொறுப்பு என்னுடையது. சுகாதார அலுவலகத்துக்கும் அதே வாசகம். தங்கள் மருத்துவ உரிமமே போய்விடும் என்று ஹ்னியா அழுதார்.

பழியை வேலைக்காரன் தலையில் கட்டுவதே உலக வழக்கம் என்றிருந்தவர் புஜ்மா. தங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஏழு வீட்டுக்கும் வந்தார். ஒவ்வொரு வாசலிலும் தம்மை நோக்கி விரல் நீளும் என்று காத்திருந்தார். நீளவில்லை. தோல் வணிகர் இத்ரீஸ் வாசலை மறித்து, “இத்தனை வருஷமா எங்க பிள்ளைங்களுக்கு என்னத்தப் போட்டீங்களோ, யார் கண்டா?” என்றார். தாங்கள் தலைகுனிந்து நின்றீர்கள். புஜ்மாவின் வாய் திறக்கவில்லை. மறுநாளும் போனீர்கள், அதற்கு மறுநாளும் போனீர்கள். பிறகு இத்ரீஸே பிள்ளையைக் கிளினிக்குக்குத் தூக்கிவந்தார்.

வேலை போயிற்று என்று சாவியை மேசைமேல் வைத்த புஜ்மாவிடம் தாளையும் பேனாவையும் நீட்டி, “பாத்துட்டு எழுது” என்றீர்கள். அவ்வளவுதான். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று ஒரு மாதம் சந்தேகப்பட்டார்.

அன்று வாசலில் திறக்காத வாய் இன்று இந்த வழியனுப்பு விழாச் சபையில் திறக்கிறது: அந்தக் கறி புஜ்மாவின் கறி, அந்தப் பொய் புஜ்மாவின் பொய். இத்ரீஸ் முன்வரிசையில் இருக்கிறார், கேட்டுக்கொள்ளட்டும்.

வாய்மை வழுவா வள்ளலே! நோய் தங்கள் வாசலுக்கு வந்தால், வரிசையில் நின்று நின்று கால் வலித்துத் திரும்பிப் போகட்டும்! பேரப்பிள்ளைகள் சூழ நூறாண்டு நலமாய் இருங்கள்!

இன்று காலை எட்டு மணிக்கு ஃபிரிட்ஜ் நான்கு டிகிரி. பார்த்துத்தான் எழுதினோம். நாளைய கட்டம் காலியாக இருக்கிறது.

இவண்,
புஜ்மா, ஹ்னியா மற்றும் மதில் வாசல் கிளினிக் ஊழியர்கள்