பதினோரு மஞ்சள் வட்டங்கள்

சுவரில் வெறும் ஆணி தெரிந்தால் எனக்குப் பொறுக்காது. உடனே ஒரு படத்தை மாட்டிவிடுவேன். என் மனைவி இதற்காக என்னைக் கேலி செய்யாத நாளில்லை. பாலத்தைத் திறக்க அப்படி என்ன அவசரம் என்று நீங்கள் கேட்டதற்கும் பதில் இதுதான், ஐயா.

பாலங்கள் கட்டும் எங்கள் நிறுவனத்தில் ஆண்டறிக்கை தயாரிப்பது என் பொறுப்பு. இந்த ஆண்டு மூன்று அத்தியாயங்கள்: வளர்ச்சி, பன்முகத்தன்மை, சமூகப் பொறுப்பு. வளர்ச்சிக்குப் படம் கிடைப்பது சுலபம். ஒரு கிரேனை வானத்தைப் பார்த்து நிறுத்தினால் போதும். பன்முகத்தன்மைக்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பெண் ஆய்வாளர். போன ஆண்டு அவர் தலையில் நான்கு நிற ஹெல்மெட்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் படமெடுத்து, நான்கு பேராகக் காட்டினேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவரைத் தவிர.

மூன்றாவது அத்தியாயம்தான் கழுத்தைப் பிடித்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்காக இலவசமாக ஒரு நடைபாலம் கட்டியிருந்தோம். வெள்ளிக்கிழமை திறப்பு, சனிக்கிழமை அறிக்கை அச்சுக்கு. திங்களன்று ஆய்வாளர் சுத்தியலும் கையுமாகப் போய்க் கைப்பிடிக் கம்பியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். அந்த அம்மாவுக்குக் கண்ணைவிடக் காது கூர்மை. பதினொன்றில் சத்தம் சரியில்லை என்று சுற்றி மஞ்சள் வட்டம் போட்டுவிட்டார்.

எங்கள் வழக்கத்தில் மஞ்சள் என்றால் மாற்ற வேண்டியது. மாற்றியதும் ஃபிட்டர் அதன் மேல் நீலம் பூசுவார். நீலத்தைப் பார்த்தபின் யாரும் மறு பேச்சுப் பேசுவதில்லை.

"சார், ஒரு வாரம் குடுங்க. புது போல்ட் வந்துடும். மாத்திட்டுத் திறக்கலாம்," என்றார்.

"எனக்கு இருபத்தேழாம் பக்கம் காலியா நிக்குதேம்மா."

"பக்கம் காலியா இருந்தா யாரும் விழ மாட்டாங்க சார்."

நன்றாகப் பேசுவார். அவர் மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு. அதனால்தான் பன்முகத்தன்மைக்கான விருதை வாங்க அவரையே வேறு நகரத்துக்கு அனுப்பினேன், நான்கு நாளைக்கு.

புதன்கிழமை விடிந்ததும் அரை லிட்டர் நீல பெயிண்ட்டோடு பாலத்துக்குப் போனேன். பத்தே நிமிட வேலை. வீட்டுக்கு வந்ததும் மனைவி என் சட்டைக் கையைப் பார்த்துவிட்டு, "நீங்க அறிக்கை எழுதப் போறீங்களா, பெயிண்ட் அடிக்கப் போறீங்களா?" என்றாள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றேன்.

வியாழன் மாலை ஆய்வாளர் போனில் அழைத்தார். "அந்தப் பதினொண்ணும் மாத்தியாச்சா சார்?"

"இப்ப பாலத்துல மஞ்சளே இல்லம்மா. நிம்மதியா விருதை வாங்குங்க."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை படத்துக்கு ஆட்களை நிறுத்தியதும் நான்தான். ஆசிரியர்கள், சமையல்கார அம்மா, பெற்றோர் எல்லாரும் இருந்தார்கள். பள்ளிக் காவல்காரருக்கு ஒரு கை கிடையாது. கூச்சப்பட்டுப் பின்னால் ஒதுங்கி நின்றார். அவர் இல்லாமல் என்ன பன்முகத்தன்மை?

"அண்ணே, முன்னாடி வாங்க. கம்பியில நல்லா சாஞ்சு நில்லுங்க."

"தாங்குமா தம்பி?"

"எல்லாம் ஆய்வு பண்ணினதுண்ணே."

அவர் சிரித்தார். படம் பிரமாதமாக வந்தது.

அடுத்த நொடி கம்பி மொத்தமாகக் கழன்றது. ஒன்பது பேர் கால்வாயில் விழுந்தார்கள். எட்டுப் பேர் நீந்திக் கரையேறினார்கள். காவல்காரர் ஒற்றைக் கையால் கொஞ்ச நேரம் முயன்று பார்த்தார்.

நீலத்துக்குள்ளிருந்து மஞ்சள் லேசாகத் தெரிந்ததால் நீங்கள் போல்ட்டைச் சுரண்டிப் பார்த்து, ஆய்வாளரே பூசி மறைத்துவிட்டார் என்று அவரைக் கைது செய்ததாகக் கேள்விப்பட்டேன். மனசு கேட்கவில்லை, அதனால்தான் வந்தேன். அவரை விட்டுவிடுங்கள், ஐயா. எங்களிடம் இருப்பதே ஒருவர். அடுத்த ஆண்டு அறிக்கைக்கு நான் எங்கே போவேன்?

பூசியது நான். ஒரே பூச்சோடு நிறுத்தியது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பூச்சு அடித்திருந்தால் யாருக்கும் ஒரு கஷ்டமும் வந்திருக்காது.